கொழும்புக்கு ஆலோசனை சொன்னால் யார் கேட்பது?

1921இல் கொழும்பு நகரம் எப்படி வளர வேண்டும் என்று அறிக்கை எழுதியவர் பட்ரிக் கெடிஸ். ஸ்கொட்லாந்துக்காரர். டண்டியில் முப்பது வருடம் தாவரவியல் பேராசிரியராக இருந்துவிட்டு, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்க வந்திருந்தவர். மரஞ்செடி படித்த மனிதருக்கு நகரத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் நகரத்தைப் பார்த்ததே ஒரு மரத்தைப் பார்ப்பதுபோலத்தான். எது வேர், எது கிளை, எங்கே காற்றோட்டம் இல்லை என்று முதலில் சுற்றிப் பார், கத்தியை அப்புறம் எடு என்பது அவர் வழி. கொழும்பைக் 'கிழக்கின் தோட்ட நகரம்' என்று சொல்லும்போதெல்லாம் அவர் பெயரும் கூடவே வரும்.

சுதந்திரம் கிடைத்த 1948இல் இன்னொரு பேராசிரியர் வந்தார். பட்ரிக் அபர்குரொம்பி, போர்க்காலத்தில் லண்டனுக்கே திட்டம் வரைந்தவர். கொழும்பின் நெரிசலைக் குறைக்க ராகம, ஹோமாகம, இரத்மலானை ஆகிய மூன்று இடங்களில் துணை நகரங்கள் வேண்டும் என்றார். இதில் ஹோமாகமவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் வெளியான மேல் மாகாண பெருநகரத் திட்டத்திலும் அறிவியல் தொழில்நுட்ப நகரம் என்று குறிக்கப்பட்ட இடம் அந்தப் பக்கம்தான். எழுபது வருடத்துக்கு முன் ஒருவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல மறுபடியும் வரைபடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தில் பல நகரங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்களையும் பெரிய கொம்பனித் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, 'எங்கள் நகரத்தைப் புத்தாக்க நகரமாக மாற்ற வழி சொல்லுங்கள்' என்று கேட்கின்றன. கொழும்பிலும் அந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஹோட்டல் மண்டபம், குளிரூட்டி, பெரிய திரையில் ஸ்மார்ட் சிட்டி படங்கள், மதியம் புஃபே. நானும் ஓரிரண்டுக்குப் போயிருக்கிறேன். சொல்லப்பட்டவை தவறு என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் நல்ல யோசனைகள்தான். என் சந்தேகம் வேறு. கொழும்புக்கு ஆலோசகர்கள் ஒருநாளும் குறைந்ததில்லை. அந்த ஆலோசனையைக் கையில் வாங்கிக்கொண்டு, 'சரி, இதைச் செய்வேன், இதைச் செய்ய மாட்டேன், காரணம் இதுதான்' என்று பதில் சொல்லும் ஆள்தான் இல்லை.

இப்படி ஒரு மேசைக்கு ஏன் இந்த இரண்டு கூட்டத்தை அழைக்கிறார்கள்? பேராசிரியரிடம் அளவீடு இருக்கிறது. மாணவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தேர்தலைப் பற்றிக் கவலைப்படாமல் பத்து வருடம் தள்ளி யோசிக்கும் வசதியும் இருக்கிறது. கொம்பனித் தலைவருக்கு வேறொன்று தெரியும்: எது ஓடும், எது ஓடாது, எத்தனை மாதத்தில் காசு தீரும். ஒருவர் மட்டும் இருந்தால் அறிக்கை அலுமாரிக்குப் போகும், மற்றவர் மட்டும் இருந்தால் நகரம் விற்பனைக்குப் போகும். இருவரோடும் அரசு சேர்ந்தால்தான் புதியது பிறக்கும் என்று 1990களில் ஹென்றி எட்ஸ்கோவிட்ஸும் லூட் லெய்டெஸ்டோர்ஃபும் ஒரு கோட்பாடே எழுதினார்கள். மூன்று புரி முறுக்கிய கயிறுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மூன்றாவது புரிதான் எப்போதும் கழன்றுபோகிறது.

ஷாங்காய் இதை 1989இலேயே தொடங்கியது. அப்போதைய மேயர் ஷூ ரொங்ஜி வெளிநாட்டுக் கொம்பனித் தலைவர்களைக் கொண்டு ஓர் ஆலோசனை சபை அமைத்தார். அது வருடத்துக்கு ஒருமுறை கூடும், மேயரும் உட்கார்ந்து கேட்பார். அங்கே கவனிக்க வேண்டியது வந்தவர்களின் பெயர்ப்பட்டியலை அல்ல, கேட்டவரின் கையில் இருந்த அதிகாரத்தை. ஷாங்காய் மேயர் ஒரு மாகாண ஆளுநருக்குச் சமம். காலையில் கேட்டதை மாலையில் செய்யச் சொல்ல அவரால் முடியும்.

கொலம்பியாவின் மெடெயின் நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம். போதைப்பொருள் கும்பல்களால் உலகமே பயந்த நகரம் அது. 2003இல் அந்தப் பிராந்தியத்தில் பல்கலைக்கழகமும் கொம்பனியும் அரசும் சேர்ந்த ஒரு குழு உருவானது. அந்த அத்திவாரத்தின் மேல், 2009இல் 'ருத்தா என்' என்ற புத்தாக்க நிறுவனத்தை நகரமே தொடங்கியது. மாநகருக்குச் சொந்தமான மின்சார, நீர்க் கொம்பனி தன் இலாபத்தில் ஒரு பகுதியை வருடாவருடம் நகருக்குக் கொடுக்கிறது. ருத்தா என் தொடங்கியபோது அந்தக் கொம்பனியும் பங்காளியாக நின்றது. ஆலோசனை சொன்னவர்கள் மேசையை விட்டு எழுந்தபோது, அதைச் செய்து பார்க்கக் காசு பக்கத்து அறையில் இருந்தது.

கொழும்புக்கு வருவோம். மாநகர சபையின் எல்லை சுமார் 37 சதுர கிலோமீற்றர். அதற்குள் ஒரு சாதாரண ஆள் காலையில் வீட்டை விட்டு வெளியே வந்து வேலைக்குப் போவதை மட்டும் எடுத்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் வீட்டு ஒழுங்கையின் விளக்கும் குப்பையும் மாநகர சபை. பெரிய வீதியென்றால் அது வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குப் போய்விடும். வருகிற தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுத்தது மாகாணத்தின் போக்குவரத்து அதிகாரசபை, அரச பஸ் என்றால் மத்திய அரசின் போக்குவரத்துச் சபை. சந்தியில் கை காட்டுவது பொலிஸ். போகிற வழியில் புதிதாக எழும் கட்டடத்துக்கு மேலே நிற்பது 1978இல் உருவான நகர அபிவிருத்தி அதிகாரசபை. குழாயில் வரும் தண்ணீருக்குத் தேசிய நீர் வழங்கல் சபை, மின்சாரத்துக்கு வேறொரு அரச நிறுவனம். மழை பெய்து கால்வாய் நிரம்பினால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். காலிமுகத்திடலுக்கு அப்பால் கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம். அதற்கு 2021இன் சட்டத்தால் தனியாக ஓர் ஆணைக்குழு. நகரத்துக்குள் நகரம்.

அப்படியானால் 'கொழும்பு நகருக்கு ஆலோசனை' என்று ஒரு பேராசிரியர் கடிதம் எழுதினால் உறையின் மேல் யாருடைய விலாசத்தைப் போடுவார்? மேயருடையதைப் போட்டால் பஸ் அவருடைய கையில் இல்லை. அமைச்சருடையதைப் போட்டால் அமைச்சு அடுத்த வருடம் பெயர் மாறியிருக்கும்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் இல்லை. 1953 முதல் 1964 வரை கொழும்பு வீதிகளில் மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய திரொலி பஸ்களை நடத்தியது மாநகர சபையேதான். மாடி பஸ்கள். புகையில்லாத மின்சார பஸ்ஸை இன்று எந்த ஸ்மார்ட் சிட்டிக் கூட்டத்திலும் யாராவது புத்தம் புதிய யோசனையாக முன்வைப்பார்கள். எங்கள் தாத்தாமார் அதில் ஏறி மருதானைக்குப் போனார்கள்.

கேட்கும் ஆள் மாறினால் ஆலோசனைக்கு என்ன நடக்கும் என்பதற்கு இலகு ரயிலை விட நல்ல பாடம் இல்லை. மாலபேயிலிருந்து கோட்டை வரை தூண்களின் மேல் ஓடும் பாதை. ஜப்பானிய நிபுணர்கள் வருடக்கணக்கில் ஆய்வு செய்தார்கள். 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 செப்டெம்பரில், செலவு கூட என்று சொல்லி அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அதை நிறுத்தினார். இலகு ரயில் நல்லதா, அல்லது பஸ்ஸுக்குத் தனிப் பாதை போடுவது மலிவும் விரைவுமா என்பதில் நம் போக்குவரத்து நிபுணர்களுக்குள்ளேயே நியாயமான விவாதம் இருந்தது. எனக்கும் பஸ் பாதைப் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. ஆனால் அந்த விவாதம் முடிந்து முடிவு எடுக்கப்படவில்லை. ஆட்சி மாறியது, கோப்பு மூடப்பட்டது, அவ்வளவுதான்.

குப்பையின் கதை இன்னும் கசப்பானது. கொழும்பின் குப்பை பல வருடமாகக் குவிந்தது மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லையில். அங்கிருந்த மக்கள் எத்தனையோ தரம் வீதிக்கு இறங்கிக் கத்தினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று பிற்பகல், மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். குப்பை கொட்டியவர்களின் வாக்கு ஒரு சபைக்கு, குப்பைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களின் வாக்கு இன்னொரு சபைக்கு. கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் தனியார் நிலையம் வேலை தொடங்கியது 2021இல். அந்த யோசனையும் அந்தத் தொழில்நுட்பமும் 2017க்கு முன்பே உலகத்தில் இருந்தவைதான்.

சரி, எதுவுமே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. நடந்த இடங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அங்கே பேராசிரியரும் கொம்பனிக்காரரும் ஆலோசனை சொல்லிவிட்டுப் போகவில்லை, உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. காணாமல்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன பொருள் தேவை என்று யாருக்கும் தெரியவில்லை. கொழும்பில் இருந்த மென்பொருள்காரர்கள் சில நாட்களுக்குள் ஒன்றுகூடி, இரவு பகலாக ஒரு மென்பொருள் எழுதினார்கள். வேலை வழங்கிய கொம்பனிகள் அவர்களை விடுவித்து அனுப்பின, லங்கா மென்பொருள் மன்றம் ஒருங்கிணைத்தது. பெயர் சஹானா. திறந்த மூலம் என்பதால் யாரும் எடுத்துப் பாவிக்கலாம். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது வேலை செய்தது. யாரும் அதற்குக் குழு அமைத்து வர்த்தமானி வெளியிடவில்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1990 முதல் இலங்கையின் இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் வேலை, கணினி விஞ்ஞானப் பேராசிரியர் கிஹான் டயஸ் முன்னின்று நடத்த, அந்த வளாகத்திலிருந்தே வளர்ந்தது. 2010இல் '.இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணைய முகவரிக்கு அனுமதி கிடைத்தது அந்த வழியாகத்தான். அரச கடிதங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் மென்பொருளும் அதே பல்கலைக்கழகத்தில் உருவானது. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய எவருக்கும் இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் வேறு வகை. அரசும் ஐந்து தனியார் நிறுவனங்களும் சேர்ந்து காசு போட்டன: ஆடை செய்யும் எம்ஏஎஸ், பிராண்டிக்ஸ், தொலைபேசியின் டயலொக், ஹேலீஸ், டயர் செய்யும் லோட்ஸ்டார். சொந்தக் காசைப் போட்டவர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், கேள்வியும் கேட்பார்கள். அந்த நிறுவனம் இன்று இருப்பது எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஹோமாகமவில். அபர்குரொம்பி எங்கேயாவது இருந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. கயிற்றின் ஒரு புரியே நூல் அளவு என்றால் எவ்வளவு முறுக்கினாலும் என்ன பயன்?

அறிவு இருந்தும் வாங்க ஆள் இல்லாமல் போனதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா, முன்னாள் பேராசிரியரும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்துநருமான ரொஹான் சமரஜீவ 2004இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம். அவர்கள் கைத்தொலைபேசிக் கொம்பனிகளிடமிருந்து பெயர் நீக்கிய அழைப்புப் பதிவுகளை வாங்கி, மக்கள் இரவில் எங்கே இருக்கிறார்கள், பகலில் எங்கே வருகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். வேலைநாளில் கொழும்பு நகருக்குள் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளியே இருந்து வருகிறவர்கள் என்று தெரிந்தது. வீடு வீடாகப் போய் வருடக்கணக்கில் எடுக்கும் போக்குவரத்துக் கணக்கெடுப்பை விட இது மலிவு, விரைவு. நகரத்தின் பாதி ஆட்கள் அதற்கு வாக்களிக்காதவர்கள், சோலை வரி என்னும் வீட்டு வரி கட்டாதவர்கள் என்பது சாதாரண விஷயமில்லை. ஒரு நகர நிர்வாகத்தின் வருமானத்தையும் வேலையையுமே மாற்றி எழுத வேண்டிய தகவல் அது. அதை வைத்து மாநகர சபை என்ன செய்ய முடியும் என்று யோசித்தால், மறுபடியும் அந்த உறையின் விலாசப் பிரச்சினைக்கே வந்து நிற்போம்.

ஈரநிலங்கள் மட்டும் இதற்கு விலக்கு. 2010 நவம்பர் வெள்ளத்தில் பாராளுமன்றமே தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு உலக வங்கிக் கடனோடு 2012இல் தொடங்கிய திட்டத்தில் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியது, மீதமுள்ள சதுப்புகளையும் நிரப்பினால் வெள்ளம் வேறெங்கும் போக இடமில்லை என்பதை. பெத்தகானவில் பூங்கா வந்தது. 2018இல் உலகில் முதல் முறையாகப் பதினெட்டு நகரங்களுக்குக் கொடுக்கப்பட்ட, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் ஈரநில நகர அங்கீகாரத்தில் கொழும்பும் ஒன்று. இங்கே ஆலோசனை கேட்கப்பட்டதற்கு, தண்ணீர் அமைச்சர்களின் கதிரைக்குக் கீழேயே வந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கொம்பனித் தலைவர்களை மேசைக்கு அழைப்பதில் ஓர் ஆபத்து உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தொலைபேசிக் கொம்பனிக்காரர் நகரத்துக்கு என்ன தேவை என்று கேட்டால் வலையமைப்பு என்பார், கட்டடக்காரர் மாடி என்பார். பொய் சொல்கிறார் என்றில்லை, அவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். ரொறன்ரோவில் 2017இல் கூகிளின் சகோதர நிறுவனமொன்று ஏரிக்கரையில் உணரிகள் நிறைந்த ஒரு குடியிருப்பு கட்ட வந்தது. மக்களின் தரவு யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, ஆலோசனைக் குழுவில் இருந்தவர்களே இராஜினாமா செய்தார்கள். 2020 மே மாதம் அந்த நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 'வணிகத் தலைவர்' என்றால் யார்? கொழும்பில் இந்தச் சொல்லைக் கேட்டதும் கறுவாத்தோட்டத்தில் அலுவலகம் உள்ளவர்தான் நினைவுக்கு வருவார். புறக்கோட்டையின் நாலாம் குறுக்குத்தெருவில் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய்க்கு நாடே பார்க்கும் விலையை ஒவ்வொரு காலையும் தீர்மானிக்கும் முதலாளியை யாரும் நினைப்பதில்லை. செட்டியார் தெரு நகைக்கடைக்காரரும் கெய்சர் வீதித் துணிக்கடைக்காரரும் அந்தப் பட்டியலில் இல்லை. 2001 கணக்கெடுப்பின்படி மாநகரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பாதிக்கு மேல். தமிழ் அரசகரும மொழியாகி முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் 2021 மே மாதம் புதுக்கடையில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறந்த 'ஸ்மார்ட் நூலகத்தின்' பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் இருந்தன, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அகற்றினார்கள். ஸ்மார்ட் என்ற சொல் யாருக்காக என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

நாலாம் குறுக்குத்தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். லொறி எத்தனை மணிக்கு வந்தால் தெரு அடைக்கும், எத்தனை மணிக்கு வந்தால் அடைக்காது, எந்த மூலையில் நாட்டாமிகள் மூட்டை இறக்கினால் பஸ்ஸுக்கு வழி கிடைக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வார். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஐயா, மாநகர சபை கூப்பிட்டால் வந்து சொல்வீங்களா?"

"கூப்பிட்டால் வராமல் என்ன தம்பி? ஆனால் பின்னேரம் வைக்கச் சொல்லுங்கோ. காலமை லொறி வரும்."

இந்த 'காலமை லொறி வரும்' என்பதில் ஓர் அமைப்பு விதியே இருக்கிறது. கூட்டம் எங்கே, எந்த நேரம், எந்த மொழியில் என்பதே யார் வருவார் என்பதைத் தீர்மானித்துவிடும்.

2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை கொழும்பில் தெரிவான மாநகர சபையே இருக்கவில்லை, ஆணையாளர்தான் நடத்தினார். இப்போது 117 உறுப்பினர் கொண்ட சபை இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. மேயர் விராய் கெலி பல்தசார். இந்தச் சபை எப்போதாவது பேராசிரியர்களையும் வணிகர்களையும் அழைத்துக் குழு அமைத்தால், உறுப்பினர் பட்டியலை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, குழு எழுதிக் கொடுத்ததற்குச் சபை எத்தனை நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று எங்காவது சொல்லியிருக்கிறதா என்பதை. அதற்கடுத்து, பஸ் அனுமதி கொடுக்கும் மாகாண அதிகாரியும் பொலிஸும் அந்த மேசையில் இருக்கிறார்களா என்பது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொருந்தும். கூட்டக் குறிப்பைக் கேட்டு விண்ணப்பம் போட எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு, தமிழிலும் போடலாம்.

தேநீர் முடிந்து எழுந்தபோது அந்த வியாபாரி என்னைத் திரும்பக் கூப்பிட்டார். சில வருடத்துக்கு முன் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்து, ஒரு கிழமை தெருமுனையில் நின்று லொறி எண்ணினார்களாம். நல்ல பிள்ளைகள், இவரே தேநீர் வாங்கிக் கொடுத்தாராம்.

"அந்தக் கணக்கு எவ்வளவு வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.